எறும்பு கடிக்காத ஊசி

விழுப்புரம் பக்கத்தில் பிள்ளையை ஊசி போடத் தூக்கிப் போகிற எல்லோருக்கும் ஒரே எறும்புதான் துணை. "ஒண்ணும் ஆவாதுடா கண்ணு, எறும்பு கடிக்கிற மாரிதான் இருக்கும்." அம்மா சொல்வாள், ஆயா சொல்லும், மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டே டாக்டரும் சொல்வார். பிள்ளைக்கு எறும்பு தெரியும். களத்துமேட்டில் கட்டெறும்பிடமும் கடி வாங்கியிருப்பான். அதனால் ஊசி இறங்கிய அந்த நொடியில் அவனுக்கு இரண்டு விஷயம் விளங்கிவிடுகிறது. ஒன்று, இது எறும்பு இல்லை. இரண்டாவது, இந்த அறையில் இருக்கிற பெரியவர்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டு பொய் சொல்கிறார்கள்.

அடுத்த முறை அவன் ஆஸ்பத்திரி வாசலிலேயே கத்த ஆரம்பிப்பதற்கு முதல் காரணம் வலிதான் என்று நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். இப்போது அந்த இரண்டாவது விஷயத்தைத்தான் சொல்வேன்.

என் தங்கை மகளின் பையனுக்கு ஐந்து வயது இருக்கும்போது நடந்தது. நாலு நாள் காய்ச்சல், எது கொடுத்தாலும் வாந்தி. ஒரு குழந்தைகள் வார்டில் சேர்த்தார்கள். குளுகோஸ் ஏற்ற வேண்டும், அதற்குக் கையில் வென்ஃப்ளான் போட வேண்டும். மூன்று இடத்தில் குத்தியும் நரம்பு கிடைக்கவில்லை. (பாடப்புத்தகம் அதைச் சிரை என்கிறது; எந்த வார்டிலும் அதற்குப் பெயர் நரம்புதான்.) இரண்டு பேர் காலைப் பிடிக்க, ஒருவர் தோளை அழுத்த, நான்காவது குத்தில் கிடைத்தது. மருந்து அட்டைப்பெட்டியைக் கிழித்து மணிக்கட்டுக்கு அடியில் கொடுத்து பிளாஸ்திரி சுற்றினார்கள். பையன் அதற்குப் பிறகு இரண்டு நாள் அந்தக் கையை அசைக்கவே இல்லை. தூங்கும்போதுகூட மரக்கட்டை மாதிரி நீட்டி வைத்திருந்தான். கை வீங்கிவிட்டதோ, நரம்பில் ஏதும் பட்டுவிட்டதோ என்று எங்களுக்கெல்லாம் பயம்.

மூன்றாம் நாள் ராத்திரி பணியில் இருந்த ஒரு பயிற்சி டாக்டர், இருபத்து மூன்று வயது இருக்கும் பெண், அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டார். "தம்பி, கைக்குள்ள இப்ப என்ன இருக்குது?"

"ஊசி."

"அசைச்சா என்ன ஆவும்?"

"குத்திகினு வெளிய வந்துடும்."

அவ்வளவுதான் விஷயம். உள்ளே நீளமாக ஓர் இரும்பு ஊசி படுத்திருக்கிறது என்று இரண்டு நாளாக நினைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை அசையாமல் கிடந்திருக்கிறான். எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அந்த டாக்டர் போய்ப் புது வென்ஃப்ளான் ஒன்றை எடுத்துவந்து உறையைப் பிரித்தார். ஊசியை உருவிக் காட்டி, ஊசி போடுகிற வெள்ளை டப்பாவில் எறிந்தார். மிச்சமிருந்த மெல்லிய பிளாஸ்டிக் குழாயை அவன் இடது கையில் கொடுத்து, "மடக்கிப் பாரு" என்றார். மடங்கியது. "ஊசி அன்னைக்கே குப்பைக்குப் போயாச்சு. உன் கையில இருக்கிறது இதுதான்." பையன் குழாயை நாலைந்து தடவை மடக்கினான். பிறகு வலது கை விரல் ஒன்றை மெதுவாக அசைத்துப் பார்த்தான். பத்து நிமிடத்தில் பிஸ்கட் பாக்கெட்டை அந்தக் கையால் பிரித்தான்.

அந்த டாக்டர் செய்த வேலைக்கு வெளிநாடுகளில் ஒரு பதவியே இருக்கிறது: சைல்டு லைஃப் ஸ்பெஷலிஸ்ட். மருந்து கொடுக்க மாட்டார், ஊசி போட மாட்டார். பிள்ளைக்கு நடக்கப்போவதை அவன் மொழியில் சொல்வது, பயத்தைக் கண்டுபிடிப்பது, விளையாட வைப்பது, பெற்றவர்களுக்கு எங்கே நிற்பது, என்ன பேசுவது என்று காட்டுவது, இவைதான் முழுநேர வேலை. நம் பக்கத்து அரசு ஆஸ்பத்திரி எதிலும் அப்படி ஓர் ஆளை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தத் துறை கண்டுபிடித்தவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பதவியும் பணமும் தேவைப்படாது.

முதலில் வலியைப் பேசிவிடலாம். பச்சைக் குழந்தைக்கு வலி தெரியாது என்று மருத்துவ உலகமே நம்பிய காலம் ஒன்று இருந்தது, அதுவும் ரொம்பப் பழைய காலம் இல்லை. 1980களில்கூட மேலை நாடுகளின் பெரிய ஆஸ்பத்திரிகளில் குறைமாதக் குழந்தைகளுக்கு நெஞ்சைத் திறந்து அறுவை செய்யும்போது, உடம்பை அசையவிடாமல் செய்யும் மருந்தும் கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடும் மட்டுமே கொடுத்த வழக்கம் இருந்தது. நரம்பு மண்டலம் இன்னும் முதிரவில்லை, மயக்க மருந்தைத் தாங்காது என்பது அவர்கள் சொன்ன காரணம். அந்த நம்பிக்கையை உடைத்தவர் ஓர் இந்தியர். காஷ்மீரில் பிறந்து, இந்தூரில் மருத்துவம் படித்து, ஆக்ஸ்ஃபோர்டுக்கு ஆராய்ச்சிக்குப் போன கன்வல்ஜீத் சிங் ஆனந்த். அறுவை முடிந்து திரும்பிவரும் சிசுக்கள் வெளிறிப்போய், நாடித்துடிப்பு எகிறிப்போய் வருவதைப் பார்த்து, ரத்தத்தில் சுரப்புகளை அளந்தார். ஒரு பாதிக் குழந்தைகளுக்கு வழக்கமான முறை, மறு பாதிக்குக் கூடவே ஃபென்டனில் என்ற வலிநீக்கி. வலிநீக்கி பெற்ற குழந்தைகளிடம் அதிர்ச்சிச் சுரப்புகள் குறைவு, அறுவைக்குப் பின் வந்த சிக்கல்களும் குறைவு. 1987இல் லான்செட் இதழில் அது வெளிவந்த பிறகுதான் சிசுவின் வலி மருத்துவப் பாடத்துக்குள் முறையாக நுழைந்தது.

பேசத் தெரியாத உயிரின் வலியை நம்ப வைக்க ரத்தத்தில் எண்ணைக் காட்ட வேண்டியிருந்தது.

சரி, வலிக்கு என்ன செய்வது? இங்கே நம் ஊர் தற்செயலாக ஒரு படம் காட்டுகிறது. விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி 2010இல் தொடங்கியது முண்டியம்பாக்கத்தில். அதே முண்டியம்பாக்கத்தில்தான் சர்க்கரை ஆலையும் இருக்கிறது. அரைவைக் காலத்தில் கரும்பு டிராக்டர்களுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்துதான் போக வேண்டியிருக்கும். பிறந்து சில மாதங்களுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கு, குத்துவதற்கு இரண்டு நிமிடம் முன்பு நாக்கில் விடும் சில சொட்டுச் சர்க்கரைக் கரைசல் அழுகையையும் வலியின் அறிகுறிகளையும் குறைக்கிறது என்று நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இனிப்பு நாக்கில் பட்டதும் மூளை தன் சொந்த வலிநீக்கிகளைச் சுரக்கவிடுகிறது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். ஆனால் இதைப் படித்துவிட்டு வீட்டில் சீனியைக் கரைக்கப் போய்விடாதீர்கள். பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கிறேன் என்று சக்கரைத் தண்ணியைத் தொட்டு வைக்கும் பழக்கத்தை டாக்டர்கள் தடுப்பது கிருமித் தொற்றுக்காகவும் தாய்ப்பாலுக்காகவும்தான். ஆஸ்பத்திரியில் கொடுப்பது அளந்து, சுத்தமாகத் தயாரித்த கரைசல். வீட்டுக்காரர்கள் கையில் அதைவிட நல்ல மருந்து இருக்கிறது: ஊசி போடும்போதே பால் கொடுப்பது. இனிப்பு, உறிஞ்சுதல், தோலின் சூடு, அம்மாவின் வாசனை எல்லாம் ஒன்றாகச் சேர்கிறது. தடுப்பூசி வலியைக் குறைக்க உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட பரிந்துரைகளில் இது உண்டு. குழந்தையைப் பெற்றவரே பிடித்திருக்க வேண்டும், ஒரே நாளில் இரண்டு ஊசி என்றால் அதிகம் வலிக்கிறதைக் கடைசியில் போட வேண்டும் என்பவையும் அதிலேயே உண்டு. தடுப்பூசிப் புதன்கிழமையில் துணை சுகாதார நிலையத்துக்குப் போகும் தாய் செவிலியரிடம், "பால் குடுத்துகினே போடலாமா சிஸ்டர்?" என்று தாராளமாகக் கேட்கலாம்.

வளர்ந்த பிள்ளைக்குச் சர்க்கரை வேலை செய்யாது. அங்கே பயத்தோடு மோத வேண்டியிருக்கிறது, பயமோ வெறும் மனசு சமாச்சாரம் இல்லை. பயந்தால் அட்ரினலின் பாய்கிறது. ஓடவோ சண்டை போடவோ தசைகளுக்கு ரத்தம் வேண்டும் என்று தோலை ஒட்டிய ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. கை சில்லிட்டுப் போகிறது. வயிற்றுப்போக்கிலோ வாந்தியிலோ ஏற்கெனவே நீர் வற்றிய பிள்ளைக்கு இருக்கிற கொஞ்ச நஞ்ச நரம்பும் உள்ளே ஒளிந்துகொள்கிறது. நாலு பேர் சேர்ந்து அமுக்கினால் பயம் ஏறுகிறது, பயம் ஏறினால் நரம்பு சுருங்குகிறது, நரம்பு சுருங்கினால் இன்னொரு குத்து. எங்கள் பையனுக்கு நாலு குத்து ஆனதில் அந்த அமுக்கலுக்கும் பங்கு உண்டு என்றுதான் இப்போது நினைக்கிறேன். அழுகிற குழந்தையின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் சளி கேட்காது, நாடியும் ரத்த அழுத்தமும் கூடுதலாகக் காட்டும். பயத்தைக் குறைப்பது நோயைக் கண்டுபிடிக்கும் வேலையில் சேர்ந்தது.

எப்படிப் பிடிப்பது என்பதற்கும் ஒரு வழி இருக்கிறது. மல்லாக்கப் படுக்க வைப்பதுதான் பிள்ளைக்கு மிகப் பெரிய பயம். படுத்துவிட்டால் மேலே குனிகிற முகங்கள் மட்டும்தான் தெரியும். அதற்குப் பதில் அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, பிள்ளையை மடியில் தன் முகம் பார்க்கக் கால்களை இருபுறமும் போட்டு உட்கார வைத்துக் கட்டிக்கொள்கிறாள். ஒரு கை மட்டும் அவள் அக்குளுக்கு அடியில் பின்பக்கம் போகிறது. சிஸ்டர் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று அந்தக் கையில் வேலை பார்க்கிறார். அமுக்கிப் பிடித்தது மாதிரியே பிள்ளை அசையாது. ஆனால் பிள்ளையைப் பொறுத்தவரை நடப்பது அணைப்பு. இதற்கு வேண்டியது கை இல்லாத ஒரு நாற்காலி.

அடுத்தது பேச்சு. இங்கேதான் ஆராய்ச்சி நம் வாயில் அடிக்கிறது. கனடாவில் மேகன் மெக்மர்ட்ரி என்ற உளவியலாளரும் அவர் கூட்டாளிகளும் ஊசி நேரத்தில் பெற்றோர் பேசுவதையும் பிள்ளைகள் அதை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பதையும் ஆராய்ந்தார்கள். "பயப்படாதே", "ஒன்றும் இல்லை", "முடிந்துவிடும்" என்று தேற்றும்போது, அந்தப் பெற்றோரே பயந்திருப்பதாகப் பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். வேறு ஏதாவது பேசிக் கவனத்தை மாற்றும்போது அப்படித் தோன்றுவதில்லை. நினைத்துப் பார்த்தால் இது நமக்கே தெரியும். சாதாரண நாளில் யாரும் யாரிடமும் மூன்று தடவை "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்வதில்லை. அடிபட்டவனைச் சுற்றி நிற்கும் கூட்டம்தான் அப்படிச் சொல்லும். பிள்ளை அந்தச் சொல்லின் அர்த்தத்தை விட்டுவிட்டு அது எப்போது வரும் என்பதைக் கற்றுக்கொண்டிருக்கிறது.

முகமும் அப்படித்தான். தரை திடீரென்று பள்ளமாவது போலத் தெரியும் ஒரு கண்ணாடித் தளத்தில் ஒரு வயதுக் குழந்தைகளைத் தவழவிட்ட சோதனை ஒன்று 1985இல் வெளியானது. எதிர்ப்பக்கம் அம்மா. அவள் முகத்தில் சிரிப்பு இருந்தபோது பெரும்பாலான குழந்தைகள் கடந்து வந்தன. அவள் முகத்தில் பயத்தைக் காட்டியபோது ஒரு குழந்தைகூடக் கடக்கவில்லை. கண்ணுக்கு முன்னால் இருப்பதை விட அம்மா முகத்தைத்தான் குழந்தை படிக்கிறது.

அப்படியென்றால் அம்மா அழக்கூடாதா என்று கேட்பார்கள். இங்கேதான் எனக்குக் கோபம் வரும். ராத்திரி முழுக்கத் தூங்காமல், காலையிலிருந்து ஒரு டீயோடு நிற்கிறவளிடம் "நீ அழுதா கொழந்தையும் அழும்மா, வெளிய போ" என்று விரட்டுவது அறிவியல் இல்லை. அவளுக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும். எங்கே உட்காருவது, எந்தக் கையைப் பிடிப்பது, என்ன பேசுவது என்று ஒரு நிமிடம் சொல்லிவிட்டால் அவள் முகம் தானாக மாறிவிடும். செய்வதற்கு ஒன்றும் இல்லாதவருக்குத்தான் பயம் முகத்தில் ஏறும்.

பேசுவதற்கு என்ன? உண்மையைச் சின்னதாக. "சுருக்குன்னு இருக்கும். நீ மூணு தடவை ஊதறதுக்குள்ள முடிஞ்சிடும். கையை மட்டும் எனக்குக் குடு." பிறகு ஊதுவதற்கு ஏதாவது ஒன்று. சோப்பு நுரைக் குமிழி நல்லது. எங்கள் திண்டிவனம், விக்கிரவாண்டி பக்கத்தில் பனைக்குப் பஞ்சமில்லை. இரண்டு ஓலைத் துண்டும் ஒரு கருவேல முள்ளும் இருந்தால் காத்தாடி ஆயிற்று. (முள்ளை வார்டுக்குள் கொண்டுபோக வேண்டாம், ஈர்க்குச்சி போதும்.) காத்தாடி சுற்ற வேண்டுமானால் நீளமாக மூச்சை விட வேண்டும். மூச்சை நீளமாக விடும்போது நாடித்துடிப்பு இறங்குகிறது, உடம்பு சண்டைக் கோலத்திலிருந்து வெளியே வருகிறது. அழுதுகொண்டே ஊதவும் முடியாது.

உண்மையை எப்போது சொல்வது என்பது வயதைப் பொறுத்தது. மூன்று வயதுப் பிள்ளையிடம் நேற்றே சொன்னால் ராத்திரி முழுக்கப் பயம்தான் வளரும். சில நிமிடம் முன்பு போதும். எட்டு வயதுப் பிள்ளைக்கு முதல் நாளே தெரிய வேண்டும், கேள்வி கேட்க அவனுக்கு நேரம் வேண்டும். நடுவில் இருக்கிற நாலு, ஐந்து, ஆறு வயதுதான் கவனமாக இருக்க வேண்டிய வயது. தப்பு செய்தால் தண்டனை தானாக வந்து சேரும் என்று அந்த வயதுப் பிள்ளைகள் நம்புவதை ழான் பியாஜே 1932இலேயே எழுதினார். நாமோ அந்த நம்பிக்கைக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுகிறோம். பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும். சாப்பிடாவிட்டால் டாக்டர் ஊசி போடுவார். இப்படி வளர்ந்த பிள்ளை ஒருநாள் நிஜமாகவே ஆஸ்பத்திரியில் ஊசியோடு படுத்திருக்கும்போது, தான் எந்தத் தப்புக்காக இங்கே வந்தோம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். "நீ ஒரு தப்பும் பண்ணல, இது கிருமியால வந்தது" என்று ஒருவராவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது போல இருக்கும், பரவாயில்லை.

இதையெல்லாம் கண்டுபிடிக்க மேலைநாட்டுக்காரர்கள் பட்ட பாட்டில் ஒரு வேடிக்கை உண்டு. ஐம்பதுகளின் லண்டனில் ஆஸ்பத்திரியில் இருக்கும் பிள்ளையைப் பெற்றவர்கள் வாரத்தில் குறிப்பிட்ட நேரம்தான் பார்க்கலாம். பார்த்துவிட்டுப் போனால் பிள்ளை அழுகிறது, அதனால் பார்க்காமலிருப்பதே நல்லது என்பது அவர்கள் வாதம். ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற சமூகப்பணியாளர் கையில் ஒரு கேமராவோடு போய், தொப்புள் குடலிறக்க அறுவைக்காக எட்டு நாள் தங்கிய இரண்டரை வயதுச் சிறுமி ஒருத்தியைப் படமெடுத்தார். 1952இல் அதை டாக்டர்கள் முன் திரையிட்டபோது அவர்களில் பலர் கோபப்பட்டார்கள். படத்தில் அந்தச் சிறுமி அவ்வளவாக அழவே இல்லை. அழுகையை அடக்கிக்கொண்டு, தன்னைத் தானே தேற்றிக்கொண்டு, அம்மா வரும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிரிக்கப்பட்ட பிள்ளைகளிடம் ராபர்ட்சன் பார்த்த கட்டங்கள் மூன்று: முதலில் எதிர்ப்பு, பிறகு சோர்வு, கடைசியில் ஒட்டாமல் போவது. நர்சுகள் "சமத்தாகிவிட்டாள்" என்று சொன்ன கட்டம் மூன்றாவது கட்டம். 1959இல் பிளாட் குழு அறிக்கை பெற்றோரைத் தடையில்லாமல் உள்ளே விடச் சொன்னது. நடைமுறைக்கு வர அதன் பிறகும் வருடங்கள் ஆயின.

நம் அரசு ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டைப் பாருங்கள். கட்டிலுக்கு ஒரு தாய் இருக்கிறாள், சில கட்டிலில் ஆயாவும் சேர்த்தி. பாயைச் சுருட்டி அடியில் வைத்திருப்பார்கள், தூக்குவாளியில் கஞ்சி. லண்டன் அறிக்கை எழுதிக் கேட்டதை நாம் கேட்காமலே வைத்திருக்கிறோம். பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டாம். ஆளில்லாத குறைக்குத்தான் தாயை உள்ளே விட்டோம். பாலாடையில் மருந்து ஊற்ற, ஆவி பிடிக்க வைக்க, குளுகோஸ் பாட்டில் தீர்ந்தால் ஓடிப்போய்ச் சொல்ல. இவ்வளவும் செய்கிறவளுக்கு உட்கார ஸ்டூல் கிடையாது. இவள் இங்கே இருப்பது பிள்ளைக்குச் சிகிச்சை என்று யாரும் அவளிடம் சொன்னதும் கிடையாது.

கதவு சாத்துகிற இடம் ஒன்றும் உண்டு. குறைமாதக் குழந்தை பிறந்தால் "பெட்டியில வெச்சிருக்காங்க" என்பார்கள். பெட்டி ஒரு பக்கம், பெற்றவள் இன்னொரு பக்கம். 1978இல் கொலம்பியாவின் போகோட்டா நகரில் இன்குபேட்டர் போதாத ஓர் ஆஸ்பத்திரியில் எட்கர் ரே என்ற டாக்டர் எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் வெறும் மார்பில் நிமிர்த்திக் கட்டிவிட ஆரம்பித்தார். கங்காரு முறை. ஏழைகளின் ஏற்பாடு என்று நெடுங்காலம் இளக்காரமாகப் பார்க்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் ஒருங்கிணைத்து, டெல்லி சஃப்தர்ஜங் உட்பட ஐந்து நாடுகளின் ஆஸ்பத்திரிகளில் நடந்த ஆய்வு 2021இல் வந்தது. 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த குழந்தைகளை, உடல்நிலை சீராகும் வரை காத்திராமல் பிறந்த கையோடு தாயின் மார்பில் சேர்த்தார்கள். முதல் 28 நாளில் இறப்பு, வழக்கமான முறையில் 100க்கு 15.7, இந்த முறையில் 12. பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். மறு பாதிக் குழந்தைகளுக்கு அதை மறுப்பது நியாயமில்லை என்றாகிவிட்டது. இதைச் செய்ய வேண்டுமானால் தீவிர சிகிச்சை அறைக்குள்ளேயே தாய்க்குக் கட்டில் போட வேண்டும். மத்திய சுகாதாரத் துறையும் 2017இலேயே சிசுப் பிரிவுகளில் பெற்றவர்களைப் பராமரிப்பில் சேர்க்க வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. வழிகாட்டிக்கும் கட்டிலுக்கும் நடுவில் இருக்கும் தூரம்தான் எல்லா மாவட்டத்திலும் ஒரே மாதிரி இல்லை.

விளையாட்டுக்கு வருவோம். 1955இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகர ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பிரிவுத் தலைவராக இருந்தவர் ஃப்ரெடரிக் ராபின்ஸ், போலியோ வைரஸை வளர்க்கும் வழி கண்டதற்காக முந்தைய வருடம் நோபல் வாங்கியவர்களில் ஒருவர். அவர் தன் வார்டுக்கு எம்மா பிளாங்க் என்ற ஆசிரியையைக் கூப்பிட்டார். வியன்னாவில் மாண்டிசோரி முறையில் பயின்றவர். அந்த மரியா மாண்டிசோரியே 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து, போர்க்காலத்தில் ஊர் திரும்ப முடியாமல் கொடைக்கானலிலும் தங்கிப் பாடம் நடத்தியவர் என்பதால் இது நமக்கு அவ்வளவு தூரத்துக் கதை இல்லை. கையால் தொட்டுப் பார்க்காமல் பிள்ளைக்கு எதுவும் புரியாது என்பது அந்த முறையின் அடிப்படை. பிளாங்க் அதை வார்டுக்குக் கொண்டுபோனார். பொம்மைக்குக் கட்டுப் போடுவது, மருந்தில்லாத சிரிஞ்சில் தண்ணீர் பீய்ச்சுவது, ஸ்டெதஸ்கோப்பை டாக்டர் நெஞ்சிலேயே வைத்துக் கேட்பது. பயமுறுத்துகிற பொருள் கைக்குள் வந்துவிட்டால் பயம் பாதியாகிறது. எங்கள் பையனின் பிளாஸ்டிக் குழாய் அதுதான்.

இன்னொரு வகை விளையாட்டும் நம் மாவட்ட எல்லைக்குள்ளேயே இருக்கிறது. ஆரோவில் என்றால் புதுச்சேரி என்று நினைப்பவர்கள் அதிகம். அதன் பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டம். அங்கே ஃபிஃப் ஃபெர்னாண்டஸும் ஹாமிஷ் பாய்டும் தொடங்கிய மெடிகிளவுன் அகாடமி, சிவப்பு மூக்கு மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குள் போகும் கோமாளிகளுக்குப் பயிற்சி தருகிறது. சென்னையில் லிட்டில் தியேட்டர் குழுவினர் எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் இந்த வேலையைச் செய்திருக்கிறார்கள். இத்தாலியில் ஃப்ளாரன்ஸ் நகரில் 40 பிள்ளைகளிடம் செய்து 2005இல் வெளியான ஆய்வு, அறுவைக்கு முந்தைய அறையில் கோமாளி கூட இருந்த பிள்ளைகளுக்கு மயக்க மருந்து கொடுக்கும் நேரத்தில் பதற்றம் குறைவாக இருந்தது என்றது. பலன் இருக்கிறது என்று ஒப்புக்கொண்ட அதே ஊழியர்களில் பெரும்பாலோர், வேலைக்கு இடைஞ்சல் என்று அதைத் தொடர்வதை எதிர்த்தார்கள் என்றும் அதே ஆய்வு எழுதிவைத்திருக்கிறது. எந்த ஊர் ஆஸ்பத்திரியும் ஆஸ்பத்திரிதான்.

கோமாளி ஏன் வேலை செய்கிறான் என்பதற்கு நான் கூத்துப் பார்த்து வளர்ந்தவன் என்ற முறையில் ஒரு விளக்கம் வைத்திருக்கிறேன். தெருக்கூத்தில் ராஜா வந்து கர்ஜித்தால் ஊர் கொஞ்சம் பின்வாங்கும். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன்தான் ராஜாவின் பேச்சை ஊர் பேச்சாக்குவான், ராஜாவையே கேள்வி கேட்பான், உதை வாங்குவான். வார்டில் ரவுண்ட்ஸ் வருகிற பெரிய டாக்டருக்கும் கட்டிலில் கிடக்கிற பிள்ளைக்கும் நடுவில் அப்படி ஒருவன் தேவைப்படுகிறான். ஆஸ்பத்திரிக்குள் பிள்ளை எதையும் தீர்மானிப்பதில்லை. எப்போது தூங்குவது, எதைத் தின்பது, எந்தக் கையைக் குத்துவது, ஒன்றும் அவன் கையில் இல்லை. நல்ல கோமாளி வாசலில் நின்று "உள்ள வரலாமா?" என்று கேட்கிறான். "வராத, போ" என்று விரட்டினால் தடுக்கி விழுந்து ஓடுகிறான். மூன்று நாளில் அந்தப் பிள்ளை சொல்லி நடந்த முதல் காரியம் அது.

அதிகாரத்தைக் கோமாளி இல்லாமலும் கொஞ்சம் பிரித்துக் கொடுக்கலாம். ஊசி வேண்டுமா வேண்டாமா என்று கேட்கக்கூடாது, "வேண்டாம்" என்றால் என்ன செய்வது? இடது கையா வலது கையா, மாத்திரை தண்ணியோடா ஜூஸோடா, பிளாஸ்திரியில் பூனை வரையவா பஸ் வரையவா என்று கேட்கலாம்.

பெரியவர்களின் பயம் வேறு மாதிரி. விழுப்புரம், திண்டிவனம், புதுச்சேரி மூன்றும் ஒன்றுக்கொன்று ஏறக்குறைய 40 கிலோமீட்டர். வரைபடத்தில் ஒரு முக்கோணம். "புதுச்சேரிக்கு எடுத்துனு போங்க" என்றால் இங்கே எல்லோருக்கும் அது ஜிப்மர் ஆஸ்பத்திரி என்று தெரியும், நிலைமை மோசம் என்பதும் தெரியும். 108 ஆம்புலன்ஸில் தாய் ஏறிவிடுவாள். தகப்பன் காப்பீட்டு அட்டையைத் தேடிக்கொண்டு, அன்றைய கூலியை விட்டுவிட்டு, வீட்டில் இருக்கும் இன்னொரு பிள்ளையைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டுப் பின்னால் பஸ்ஸில் வருவான். அவன் வந்து சேர்வதற்குள் அவள் இரண்டு காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருப்பாள். என்ன எழுதியிருந்தது என்று கேட்டால் தெரியாது. பயத்தில் இருப்பவர் காதில் விழுந்ததில் பலவும் மனதில் நிற்பதில்லை. படிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பேராசிரியருக்கும் இதே கதிதான். அதனால்தான் நல்ல டாக்டர்கள் "புரிஞ்சுதா?" என்று கேட்பதில்லை. அதற்கு எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். "வீட்டுக்காரர் வந்தா அவர்கிட்ட என்னன்னு சொல்வீங்க? எனக்கு ஒரு தடவை சொல்லிக் காட்டுங்கம்மா" என்கிறார்கள். அவள் சொல்லும்போது எங்கே நூல் அறுந்தது என்று தெரிந்துவிடும். ஒரு நிமிட வேலை.

வீட்டுக்கு வந்த பிறகும் கொஞ்சம் இருக்கிறது. விட்டிருந்த படுக்கை நனைக்கும் பழக்கம் திரும்பி வரும், தூக்கத்தில் கத்துவான், அம்மா முந்தானையை விடமாட்டான். நம் பக்கத்தில் இதைப் பயந்த கோளாறு என்று சொல்லி, அந்தி நேரத்தில் பள்ளிவாசலுக்குத் தூக்கிப்போய் ஓதி ஊதிக்கொண்டு வருவார்கள். எந்தச் சாதிக்காரரும் போவார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிள்ளைகளின் இதே மாற்றங்களை அளக்க வெர்னன் என்பவரும் அவர் குழுவினரும் 1966இல் ஒரு கேள்விப் பட்டியலே தயாரித்தார்கள். இன்றும் ஆராய்ச்சியாளர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். பெரும்பாலும் சில வாரங்களில் தானாக அடங்கிவிடும். மாதக் கணக்கில் போனால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். பள்ளிவாசலுக்குப் போவதை நான் குறை சொல்லமாட்டேன். பிள்ளை பயந்திருக்கிறான் என்று ஒரு குடும்பம் ஒப்புக்கொண்டு, அதற்காக வேலையை விட்டு அவனைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறதே, அதிலேயே கொஞ்சம் வைத்தியம் இருக்கிறது.

நினைவு என்பதும் நடந்ததை அப்படியே வைத்திருக்கும் பெட்டி இல்லை. நடந்ததை விட அதிகமாக வலித்தது என்று நினைவில் வைத்திருக்கும் பிள்ளைக்கு அடுத்த ஊசி இன்னும் அதிகம் வலிக்கிறது. அந்த நினைவைப் பேசிப் பேசித் திருத்தவும் முடியும். "அன்னைக்கு எப்பிடிக் கத்தின, ஊரே கூடிடுச்சு" என்று சொந்தக்காரர்கள் முன்னால் சொல்லிச் சிரிப்பது நினைவைப் பெரிதாக்கும். "அழுதாலும் கையை மட்டும் ஆட்டாம குடுத்த இல்ல?" என்பதும் நடந்ததுதான், இதையும் சொல்லலாம்.

எங்கள் பையன் வீட்டுக்கு வந்த மறுவாரம் நான் போயிருந்தேன். மருந்து ஊற்றிக் கொடுத்த ஊசியில்லாத சிரிஞ்சை ஆஸ்பத்திரியிலிருந்து கேட்டு வாங்கி வந்திருந்தான். திண்ணையில் என்னை உட்கார வைத்து, சட்டைக் கையைச் சுருட்டி, எச்சில் தொட்டு ஓர் இடத்தைத் துடைத்தான்.

"எறும்பு கடிக்கிற மாரி இருக்குமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"இல்ல தாத்தா, வலிக்கும்" என்றான். "மூணு தடவ ஊது."